மனச்சிதைவு நோயாளியின் குடும்பத்துக்கு எந்த ஆலோசனை பொருந்தும்?

ஓ.பி. சீட்டின் ஓரத்தில் "குடும்ப ஆலோசனை" என்று மருத்துவர் இரண்டு சொல் எழுதிவிடுகிறார். எந்த ஆலோசனை, வீட்டில் யார் யார் வர வேண்டும், எத்தனை நாளுக்கு, நோயாளியையும் அழைத்து வர வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருப்பதில்லை. வாசகர்கள் அனுப்பும் கேள்விகள் பலவும் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கின்றன. மகனுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா), மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. மருத்துவமனையில் ஒரு வகுப்புக்கு வரச் சொல்கிறார்கள். சமூகப் பணியாளர் "வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாருங்கள்" என்கிறார். வேறோர் இடத்தில் பெற்றோர் குழு நடக்கிறது. உறவுக்காரர் ஒருவர், "இதற்கென்று ஒரு சங்கமே இருக்கிறது, அங்கே போங்கள்" என்கிறார். இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதற்குப் போவது?

இருப்பதில் சிறந்தது எது என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. உங்கள் வீட்டில் குறைவது எது என்று கேட்டால் வரும். சில வீடுகளில் நோயைப் பற்றி ஒன்றுமே தெரியாது. சில வீடுகளில் எல்லாம் தெரியும், பேச்சுதான் சரியில்லை. இன்னும் சில வீடுகளில் பேச்சும் சரிதான், ஆனால் வெளியுலகத்துக்குக் கதவைச் சாத்திப் பல வருடம் ஆகிவிட்டது. மூன்று வீட்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கீழே வரும் எதுவும் மாத்திரைக்கோ ஊசிக்கோ மாற்று அல்ல. அவற்றோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, இதனால் நோய் திரும்புவது குறையுமா, பராமரிப்பவரின் பாரம் குறையுமா என்பது. இரண்டும் தேவைதான். ஆனால் ஒன்றை எதிர்பார்த்து மற்றொன்றுக்குப் போனால் சீக்கிரமே சலிப்பு வந்துவிடும்.

வீட்டுச் சூழலுக்கும் நோய் திரும்புவதற்கும் தொடர்பு இருப்பதை லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் 1950களில் கவனித்தார். மருத்துவமனையிலிருந்து வாடகை அறைக்குப் போனவர்களைவிட, பெற்றோரிடமோ துணையிடமோ திரும்பியவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது. பின்னால் வந்த ஆய்வுகள் அந்தச் சூழலில் மூன்றைப் பிரித்துக் காட்டின: ஓயாமல் குறைசொல்வது, வெறுப்பு, மூச்சு முட்டும் அளவுக்குப் பொத்திவைப்பது. இத்தகைய வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று வான், லெஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1976இல் காட்டினார்கள். இதைச் சொன்னதும் அம்மாக்கள் தலைகுனிந்துகொள்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. குறைசொல்வது நோயை உண்டாக்குவதில்லை. பல நேரம் நோய்தான் அந்தக் குறைசொல்லலை உண்டாக்குகிறது. வளர்ப்புதான் காரணம் என்ற கருத்து ஒரு காலத்தில் மேற்கே செல்வாக்கோடு இருந்து, பிறகு கைவிடப்பட்டது. இன்றைக்கும் ஓர் ஆலோசகர் "நீங்கள் வளர்த்த விதம்" என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம். இன்னொன்று, வட இந்தியாவில் சண்டிகரில் இதே அளவுகோலை வைத்துப் பார்த்தபோது அங்குள்ள வீடுகளில் குறைசொல்வது லண்டனைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே வெளிநாட்டு எண்களை அப்படியே நம் கூடத்தில் கொண்டுவந்து வைக்க முடியாது.

இரண்டாவது, நோயாளி அந்த அறையில் இருப்பாரா? மூன்றாவது, எத்தனை நாள் கூலி போகும்? கட்டணத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அரசு மருத்துவமனையில் கட்டணமே இல்லாவிட்டாலும் கொத்து வேலைக்குப் போகும் அப்பாவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை என்பது ஒரு நாள் சம்பளம். நான்காவது, ரகசியம். வீட்டில் தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும்போது இருபது பேர் நடுவில் உட்கார்ந்து பேச எல்லோராலும் முடியாது; அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்தாவது, நடத்துபவர் யார், அவருக்கு இதில் பயிற்சி உண்டா என்பது.

## மருத்துவமனை நடத்தும் வகுப்பு

ஒன்று முதல் நான்கைந்து அமர்வுகள். நோய் என்ன, மாத்திரை என்ன செய்யும், பக்கவிளைவு வந்தால் என்ன செய்வது, நோய் திரும்பப்போகிறது என்பதற்கான முன்னறிகுறிகள் எவை என்று சொல்லிக் கொடுப்பார்கள். செலவு குறைவு, ரகசியத்துக்கும் பெரிய பங்கமில்லை. நோயாளி வராவிட்டாலும் நோயைப் பற்றிய பொதுவான விவரங்களைச் சொல்ல யாருடைய ஒப்புதலும் தேவையில்லை.

நோய் தெரியவந்து ஆறு மாதம் கூட ஆகாத குடும்பத்துக்கு இதுதான் முதல் படி. செய்வினை, யாரோ மருந்து வைத்துவிட்டார்கள், கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்ற மூன்றையும் தாண்டி வருவதற்குள் பல குடும்பங்கள் நகையை அடகு வைத்துவிடுகின்றன. நல்ல வகுப்பு கோயிலுக்கோ தர்காவுக்கோ போகாதே என்று சொல்லாது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதே என்று சொல்லும். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைப் பற்றி மட்டும் தயங்காமல் பேச வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் இருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

இதன் மறைமுகச் செலவு, "எல்லாம் சொல்லிக் கொடுத்தாயிற்று" என்ற நினைப்பு. அரை மணி நேரச் சொற்பொழிவைக் கேட்டுவிட்டு ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வீடு திரும்பும் குடும்பத்துக்கு அறிவு கூடியிருக்கும். மறுநாள் காலை பத்து மணி வரை போர்வைக்குள் கிடக்கும் மகனிடம் என்ன பேசுவது என்பது தெரிந்திருக்காது. தெரிந்துகொள்வதால் மட்டும் வீட்டுப் பேச்சு மாறுவதில்லை.

## தனிக்குடும்ப ஆலோசனை

ஒரு குடும்பம், ஒரு பயிற்சி பெற்ற ஆலோசகர், நோயாளியும் உடன் இருப்பார். பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் மூன்று மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் குறைந்தது 10 அமர்வுகள் வேண்டும் என்கிறது. அதைவிடக் குறைவாக நடத்தினால் அது மேலே சொன்ன வகுப்புதான், பெயர் மட்டும் வேறு.

இதற்கு ஆய்வுப் பின்புலம் வலுவானது. கலிபோர்னியாவில் இயன் ஃபாலூன் குழு 1982இல் வெளியிட்ட ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும். எல்லோருக்கும் மாத்திரை உண்டு. 18 பேருக்குக் குடும்பத்தோடு, அவர்கள் வீட்டுக்கே போய்ப் பயிற்சி. மற்ற 18 பேருக்குத் தனியாக ஆலோசனை. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால் முதல் பிரிவில் ஒருவருக்கும் இரண்டாவதில் எட்டு பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. சிறிய ஆய்வு, பிறகு வந்த பெரியவற்றில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இல்லை, ஆனால் திசை மாறவில்லை.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே பலர் பயப்படுகிறார்கள். ஓர் உதாரணம். அப்பா சொல்கிறார்: "எருமை மாதிரி பத்து மணி வரை தூங்குகிறான். குளிப்பதில்லை. சோம்பேறி." ஆலோசகர் அவரைக் கண்டிப்பதில்லை. அந்தத் தூக்கத்தில் எவ்வளவு நோய், எவ்வளவு இரவு மாத்திரை, எவ்வளவு பழக்கம் என்று மூன்றாகப் பிரிக்கிறார். மாத்திரை நேரத்தை முன்னே கொண்டுவரலாமா என்று மருத்துவருக்கு ஒரு குறிப்பு போகிறது. பிறகு அப்பாவையே வேறு மாதிரி சொல்லிப் பார்க்கச் சொல்கிறார். நாலைந்து முறை தடுமாறிய பிறகு அப்பா மகனைப் பார்த்துச் சொல்கிறார்: "ஒன்பது மணிக்கு நீ எழுந்தால் சேர்ந்து சாப்பிடலாம். எனக்கு அது பிடிக்கும்." மகன் பதிலே சொல்லாமல் இருக்கலாம். அடுத்த வாரத்துக்கான வீட்டுப்பாடம் அந்த ஒரு வாக்கியம்தான். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். முப்பது வருடம் அதட்டியே பேசிப் பழகிய ஒருவருக்கு அது மலையேற்றம்.

இன்னொரு சிக்கல், தனிக்குடும்ப அறையில் மட்டுமே அவிழக்கூடியது: மாத்திரையைத் தெரியாமல் கலந்து கொடுப்பது. நம் வீடுகளில் இது சாதாரணம். அம்மா பொடித்துக் காபியில் போடுகிறார். ஒரு நாள் டம்ளரின் அடியில் வெள்ளையாகத் தங்கியதை மகன் பார்த்துவிடுகிறான். எனக்கு விஷம் வைக்கிறார்கள் என்று அவன் நோய் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் கையில் சாட்சி கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு அந்த வீட்டில் அவன் சாப்பிடுவதே போராட்டம். அம்மாவைக் குற்றவாளி ஆக்காமல், மகனை ஏமாளி ஆக்காமல் இதைப் பேசி முடித்து, மாதம் ஒரு முறை போடும் ஊசிக்கு அவன் சம்மதத்தோடு மாறுவதா என்று முடிவெடுக்கப் பல வாரம் ஆகும். குழுவில் இருபது பேர் முன்னால் இதைப் பேச முடியாது.

இனி விலை. ஆண்களை அழைத்து வருவதே பெரும்பாடு. பல வீடுகளில் அம்மா மட்டும் வந்து அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறார், பேச்சை மாற்ற வேண்டியவர் கடையில் இருக்கிறார். மருமகள் நோயாளியாக இருந்து மாமியாரும் அறையில் இருந்தால் உண்மை வெளியே வராது; அப்போது சில அமர்வுகளைப் பிரித்து நடத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். முறையாகப் பயின்றவர்கள் பெரிய ஊர்களில்தான் கிடைக்கிறார்கள். தனியாரிடம் போனால் பத்து அமர்வுக் கட்டணத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான்காவதோடு பாதியில் விடுவது கைக்காசையும் நம்பிக்கையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

குடும்பத்தையே மருத்துவமனைக்குள் வரவழைக்கும் மரபு நமக்குப் புதிதல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்து உறவினர்களை நோயாளியோடு தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் வீட்டார் உடன் தங்குவது நெடுங்கால வழக்கம். வேலை, பள்ளி என்று பிடுங்கல் இல்லாமல் சில வாரம் ஒதுக்க முடிந்த வெளியூர்க் குடும்பத்துக்கு, பத்து முறை பஸ் ஏறி வருவதைவிட இது லாபம்.

## பல குடும்பக் குழு

ஐந்து முதல் எட்டு குடும்பங்கள், நோயாளிகளும் சேர்ந்து, இரண்டு ஆலோசகர்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு வருடமோ அதற்கு மேலோ. அமெரிக்காவில் வில்லியம் மக்ஃபார்லேன் உருவாக்கிய முறை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு குடும்பத்தின் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் தீர்வு சொல்வார்கள். அந்தக் குடும்பம் ஒன்றைத் தேர்ந்து வீட்டில் செய்துபார்த்துவிட்டு வரும். நியூயார்க் மாநிலத்தில் 172 நோயாளிகளை வைத்து நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வருடத்தில் நோய் திரும்பியவர்கள் குழுவில் 16 சதவீதம், தனிக்குடும்ப முறையில் 27 சதவீதம்.

அப்படியானால் குழுவே மேல் என்று முடிவுகட்டத் தோன்றும். நான் அவசரப்பட மாட்டேன். நம் ஊரில் "குழு" என்று நடப்பவற்றில் பல, மாதம் ஒரு முறை யாரோ ஒரு மருத்துவர் பேச, குடும்பத்தார் வரிசையில் உட்கார்ந்து கேட்கும் கூட்டங்கள். அதற்கு அந்த 16 சதவீதத்தின் மேல் உரிமை இல்லை. ஒரே ஆட்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கிறார்களா என்பதுதான் சோதனை.

உண்மையான குழு கிடைத்தால், கதவைச் சாத்திய வீட்டுக்கு அது பெரிய வரம். ஆலோசகர் பத்து தடவை சொல்லியும் ஏறாதது, "என் பையனும் ஒரு வருடம் குளிக்கவில்லை, இப்போது பேக்கரியில் வேலை செய்கிறான்" என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னால் ஏறிவிடும். மறைமுகச் செலவு ரகசியம்தான். சொந்த ஊர் மருத்துவமனையில் தெரிந்த முகம் இருந்தால் பக்கத்து மாவட்டக் குழுவைப் பார்ப்பது தவறில்லை. வீட்டில் அடிதடி நடந்துகொண்டிருந்தாலோ நோயாளிக்கு எல்லோர் மேலும் சந்தேகம் முற்றியிருந்தாலோ குழு இப்போது வேண்டாம்.

## குடும்பத்தினரே நடத்தும் சங்கம்

இங்கே ஆலோசகர் இல்லை; நடத்துபவர் இன்னொரு நோயாளியின் அம்மாவோ அண்ணனோ. சென்னையில் ஆஷா, பெங்களூரில் அமெண்ட் என்று நம் பக்கத்திலேயே முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவில் பயிற்சி பெற்ற குடும்பத்தினரே நடத்தும் இலவச வகுப்பை ஆராய்ந்தபோது குடும்பத்தாரின் அறிவும் சமாளிக்கும் திறனும் கூடின. முக்கியமாக அளக்கப்பட்டது அவர்கள் நிலைதான், நோயாளியின் நிலை அல்ல. இந்த வேறுபாட்டை மறக்க வேண்டாம்.

வேறெங்கும் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும்: காகித வேலை தெரிந்த ஆட்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடங்கும். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மதிப்பிட்டால் சலுகைகளுக்கு வழி உண்டு. எந்த நாளில் மருத்துவக் குழு உட்காரும், எந்தச் சான்றை மறந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்பது அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது" என்ற கேள்வியையும், சொத்து, உயில், தங்கும் இல்லம் என்று நேராகப் பேசுவது இங்கேதான். கணவன் வீட்டார் திருப்பி அனுப்பிவிட்ட மகளோடு வாழும் வயதான பெற்றோருக்கு இந்தப் பேச்சு அவசரத் தேவை.

குறை: சங்கம் ஓரிருவர் உழைப்பில் நிற்கும், அவர் களைத்தால் நின்றுவிடும். வாட்ஸ்அப் குழுவில் "எனக்குத் தெரிந்தவர் இந்த மாத்திரையை நிறுத்திவிட்டார், நன்றாக இருக்கிறார்" என்று ஒரு செய்தி வந்துவிட்டால் அதைத் தடுக்க ஆளில்லை.

## ஒரே பார்வையில்

| | மருத்துவமனை வகுப்பு | தனிக்குடும்பம் | பல குடும்பக் குழு | சங்கம் |
|---|---|---|---|---|
| நோய் திரும்புவது குறையுமா | தனியாக இதை மட்டும் நம்ப முடியாது | ஆம் | ஆம், முறைப்படி நடந்தால் | நேரடிச் சான்று குறைவு |
| பராமரிப்பவர் பாரம் | ஓரளவு | குறையும் | நன்றாகக் குறையும் | நன்றாகக் குறையும் |
| நோயாளி உடன் இருப்பாரா | பெரும்பாலும் இல்லை | ஆம் | ஆம் | இடத்துக்கு இடம் மாறும் |
| காலம் | சில அமர்வுகள் | 3–12 மாதம் | ஒரு வருடம், அதற்கு மேலும் | விரும்பும் வரை |
| ரகசியம் | காக்கலாம் | நன்றாகக் காக்கலாம் | கடினம் | கடினம் |
| சொல்லாத செலவு | போதும் என்ற நினைப்பு | வீட்டு ஆண்களின் விடுப்பு | பயணம், தெரிந்த முகம் | தவறான அறிவுரை |

பராமரிப்பவருக்கு மட்டும் தனி ஆலோசனை என்று ஐந்தாவது வழி ஒன்று உண்டு. அம்மாவுக்கே தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், செத்துவிடலாமா என்ற எண்ணம் வந்திருந்தால் வேறெதையும் யோசிக்காமல் முதலில் அதற்குப் போக வேண்டும். அது மேலே சொன்ன நான்குடன் போட்டி போடுவதல்ல.

## ஊர்ப்புறத்தில் இருந்தால்

சென்னை, வேலூர், மதுரைக்கு வெளியே இந்த நான்கில் இரண்டு கிடைத்தாலே அதிர்ஷ்டம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறித்த நாளில் வட்ட மருத்துவமனைக்கு வருவார். அவர் முன்னால் நிற்கும் வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. ஆனால் அவரோடு வரும் சமூகப் பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

பெரிய படிப்பு இல்லாத உள்ளூர்ப் பணியாளரே வீடு தேடி வந்தாலும் பலன் உண்டு என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. கோவா, சதாரா, காஞ்சிபுரம் மூன்று இடங்களிலும் 282 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் ஒரு வருடம் வீட்டுக்கு வந்து, நோயைப் பற்றிச் சொல்லி, மாத்திரை, அன்றாட வேலை, சலுகைகள் என்று உடன் நின்றார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இந்த உதவியும் பெற்ற நோயாளிகளிடம் முன்னேற்றம் இருந்தது. மொத்தத்தில் மிதமான அளவு, கிராமப்புறக் காஞ்சிபுரத்தில் கூடுதல். அந்தப் பகுதியில் பணி செய்தது 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனம். உங்கள் வட்டாரத்தில் இப்படி வீடு தேடி வரும் திட்டம் ஏதாவது இருந்தால், நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிபுணரைவிட அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

## என் தேர்வு

நோய் புதிது என்றால் வகுப்பு, அது முடிந்த மாதமே தனிக்குடும்ப ஆலோசனை. வீட்டில் தினமும் சத்தம், கலந்து கொடுக்கும் மாத்திரை, ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை அட்மிட் என்றால் வேறு யோசனையே வேண்டாம், தனிக்குடும்பம்தான். நோய் ஓரளவு அடங்கி, வீடு மட்டும் ஒடுங்கிக் கிடந்தால் குழு. பெற்றோருக்கு அறுபது தாண்டிவிட்டால் சங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோயாளி எதற்கும் வர மறுத்தால் அவர் இல்லாமலேயே தொடங்கலாம். முதுகுக்குப் பின்னால் போகிறோம் என்று தோன்றாதபடி அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இவற்றோடு பகல்நேர மையமோ பகுதிநேர வேலையோ கிடைத்தால், அந்த 35 மணி நேரக் கணக்கு பேச்சே இல்லாமல் குறையும்.

எதில் சேருமுன்னும் கேட்க வேண்டியவை: மொத்தம் எத்தனை அமர்வு? ஒரே ஆலோசகர்தான் கடைசி வரை இருப்பாரா? நடுவில் நோய் முற்றினால் யார் பொறுப்பு? இங்கே பேசுவது எந்தப் பதிவேட்டில் ஏறும், அதை யார் பார்க்கலாம்? மாலையிலோ ஞாயிறிலோ நடக்குமா?

நோயாளி சாப்பாட்டை நிறுத்திவிட்டார், தற்கொலையைப் பற்றிப் பேசுகிறார், யாரையாவது தாக்க வருகிறார் என்றால் அடுத்த அமர்வு வரை காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியாதபோது அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். ஆலோசனை தொடங்கியதும் முதல் மாதத்திலேயே, நோயாளி தெளிவாக இருக்கும் ஒரு நாளில், அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: அவருக்கு நோய் திரும்பும்போது முதலில் தெரியும் மூன்று அறிகுறிகள், அப்போது அவர் யார் பேச்சைக் கேட்பார், எந்த மருத்துவமனைக்குப் போக விரும்புகிறார், எந்த மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் இத்தகைய முன்விருப்பத்தை முறைப்படி எழுதிவைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் அவருக்கு உரிமை தருகிறது. அதற்கான படிவத்தைச் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். ஒரு பிரதி அவருடைய மருத்துவக் கோப்பில் இருக்கட்டும்.